காக்பிட்டில் பொய் எச்சரிக்கை வந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொய் எச்சரிக்கை என்று எதைச் சொல்கிறார்கள்?

மூன்று வேறு விஷயங்களை இந்த ஒரே பெயரில் சொல்கிறார்கள். முதலாவது, சென்சாரோ வயரிங்கோ கெட்டுப்போய் இல்லாத ஆபத்தை அறிவிப்பது. இரண்டாவது, சென்சார் சரியாகவே வேலை செய்தும், அது கண்டது ஆபத்தாக இல்லாதது. சரக்கறையில் ஏற்றிய காய்கறியிலிருந்து கிளம்பும் ஈர ஆவியைப் புகை உணரி புகை என்று எடுத்துக்கொள்வது இப்படித்தான். மூன்றாவது, கருவிகள் எல்லாம் நலமாக இருந்தும் வெளியிலிருந்து வந்த தகவல் பொய்யாக இருப்பது. போலி ஜிபிஎஸ் சிக்னல் இந்த வகை.

காக்பிட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு மூன்றும் ஒரே மாதிரிதான் கேட்கும், ஒரே மாதிரிதான் எரியும். எது எந்த வகை என்பது பெரும்பாலும் தரையிறங்கி, பொறியாளர்கள் தரவைப் பிரித்துப் பார்த்த பிறகே தெரியவரும்.

சிவப்பு, மஞ்சள் விளக்குகளுக்கு என்ன வித்தியாசம்?

சிவப்பு என்றால் உடனே செயல்பட வேண்டும். மஞ்சள் என்றால் உடனே தெரிந்துகொள்ள வேண்டும், செயலுக்குக் கொஞ்சம் அவகாசம் உண்டு. ஏர்பஸ்ஸில் சிவப்புக்கு மணி விடாமல் ஒலிக்கும், மஞ்சளுக்கு ஒரே ஒரு முறை. ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழப்பது), தரை நெருக்கம், எதிரே விமானம் போன்றவற்றுக்குத் தனிக் குரலோ தனி ஒலியோ இருக்கும். போயிங்கில் ஸ்டால் எச்சரிக்கை வந்தால் கட்டுப்பாட்டுத் தண்டே கையில் தடதடவென்று அதிரும். அதைத்தான் ஸ்டிக் ஷேக்கர் என்பார்கள்.

மணி அடித்த முதல் சில விநாடிகளில் என்ன நடக்கும்?

வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே நடக்காதது போலத் தெரியும். விமானத்தை ஓட்டிக்கொண்டிருப்பவர் ஓட்டுவதை விடமாட்டார். மூக்கு எந்தக் கோணத்தில் இருக்கிறது, த்ரஸ்ட் (என்ஜினின் உந்துவிசை) எவ்வளவு, உயரமும் திசையும் என்ன, ஆட்டோபைலட் இன்னும் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பார். மற்றவர் எச்சரிக்கையை வாய்விட்டுப் படித்து, மணியை நிறுத்துவார். பாதை நிலையாக இருக்கிறது என்று உறுதியான பிறகே செக்லிஸ்ட் வெளியே வரும். புறப்பட்ட உடனே வரும் எச்சரிக்கையானால், குறைந்தது 400 அடி ஏறும்வரை செக்லிஸ்டைத் தொடமாட்டார்கள்.

இந்த வேலைப் பிரிவினை உடைந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய உதாரணம் ஈஸ்டர்ன் 401 விமானம். 1972 டிசம்பர் 29 அன்று மயாமியை நெருங்கியபோது முன்சக்கரம் பூட்டிக்கொண்டதைக் காட்டும் பச்சை விளக்கு எரியவில்லை. சக்கரம் சரியாகவே இறங்கியிருந்தது, பல்புதான் எரிந்துபோயிருந்தது. காக்பிட்டில் இருந்த எல்லோரும் அந்த பல்பில் மூழ்கியிருக்க, உயரத்தைப் பிடித்திருந்த ஆட்டோபைலட் அமைப்பு விடுபட்டு விமானம் மெல்ல இறங்கி எவர்கிளேட்ஸ் சதுப்பில் விழுந்தது. 101 பேர் இறந்தார்கள்.

எச்சரிக்கை பொய் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

அதே எச்சரிக்கையை வேறொரு மூலத்திடம் கேட்டுப் பார்ப்பதுதான் வழி. அந்த மூலம் உண்மையிலேயே வேறானதாக இருக்க வேண்டும். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள்.

காக்பிட்டில் வேகமும் உயரமும் பொதுவாக மூன்று இடங்களில் தெரியும்: கேப்டன் பக்கம், துணை விமானி பக்கம், நடுவில் உள்ள மாற்றுக் கருவி. மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் அவற்றை நம்பலாம் என்பது பொது விதி. ஆனால் எதிர்க்காற்றை வாங்கி வேகத்தை அளக்க உதவும் மூன்று பிட்டோ குழாய்களிலும் ஒரே நேரத்தில் பனி அடைத்தால், வேகத்தில் மூன்றும் சேர்ந்தே பொய் சொல்லும்.

ஏரோபெரு 603 இதன் உச்சம். 1996 அக்டோபர் 2, லிமாவிலிருந்து இரவில் கிளம்பிய போயிங் 757 அது. விமானத்தைக் கழுவும்போது வெளிக்காற்றின் அழுத்தத்தை வாங்கும் நிலை அழுத்தத் துளைகளின்மேல் ஒட்டிய டேப்பை எடுக்க மறந்துவிட்டார்கள். உயரமானி, வேகமானி எல்லாமே உளறின. விமானிகள் கட்டுப்பாட்டு அறையிடம் தங்கள் உயரத்தைக் கேட்டார்கள். அவர்களும் 9,700 அடி என்றார்கள். ஆனால் அந்த எண்ணை ரேடார் தானாக அளக்கவில்லை. விமானத்தின் டிரான்ஸ்பாண்டர் (தன் உயரத்தைத் தரைக்கு அறிவிக்கும் கருவி) அனுப்பிய அதே தவறான எண்தான் திரையில் தெரிந்தது. விமானம் கடலைத் தொட்டது, 70 பேர் இறந்தார்கள்.

இந்தக் குழப்பத்துக்கு நடுவே ‘தரை நெருங்குகிறது’ என்று ஒரு குரல் கத்திக்கொண்டே இருந்தது. அதுதான் உண்மை. ரேடியோ உயரமானி காற்றழுத்தத்தை நம்பாமல், அலையைக் கீழே அனுப்பித் திரும்பி வருவதை அளக்கிறது. ஆகவே விமானிகளுக்குச் சொல்லித்தருவது இது: காற்றழுத்தத்தைச் சாராதவை எவை என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருங்கள். கிடைக்கோட்டைக் காட்டும் கருவி, என்ஜின் சுழற்சி அளவு, ஜிபிஎஸ் தரைவேகமும் ஜிபிஎஸ் உயரமும், 2,500 அடிக்குக் கீழே ரேடியோ உயரமானி.

வேகமானியே பொய் சொன்னால் விமானத்தை எப்படி ஓட்டுவது?

வேகத்தைப் பார்க்காமல் ஓட்டலாம். மூக்குக் கோணமும் த்ரஸ்ட்டும் தெரிந்தால், வேகம் தோராயமாக எவ்வளவு இருக்கும் என்பது தெரிந்த கணக்கு. இந்த எண்களை விமானிகள் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள்.

போயிங் 737 என்ஜி வகையில் ஆட்டோபைலட், த்ரஸ்ட்டைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோத்ராட்டில், எப்படி ஓட்ட வேண்டும் என்று திரையில் வழிகாட்டும் ஃப்ளைட் டைரக்டர் மூன்றையும் விடுவிக்க வேண்டும். ஃப்ளாப் (இறக்கையிலிருந்து நீட்டும் தகடு) வெளியே இருந்தால் மூக்கு 10 பாகை, என்-ஒன் (என்ஜின் விசிறியின் சுழற்சி) 80 சதவீதம். ஃப்ளாப் உள்ளே இருந்தால் 4 பாகை, 75 சதவீதம். ஏர்பஸ் 320ல் புறப்பட்ட உடனே என்றால் 15 பாகையும் முழு த்ரஸ்ட்டும். த்ரஸ்ட் குறைக்கும் உயரத்தைத் தாண்டி 10,000 அடிவரை 10 பாகை, அதற்கு மேல் 5 பாகை, இரண்டிலும் ஏறுமுக த்ரஸ்ட். இவை விமானத்தைப் பத்திரமாக வைத்திருக்கும் எண்கள் மட்டுமே. நிலைப்பட்டதும் கையேட்டில் எடைக்கும் உயரத்துக்கும் ஏற்ற அட்டவணை இருக்கிறது, அதற்கு மாறிவிட வேண்டும்.

குழாய் எப்படி அடைத்திருக்கிறது என்பதைப் பொறுத்துப் பொய்யின் வடிவமும் மாறும். பிட்டோவின் வாய் மட்டும் அடைத்து, நீர் வடியும் துளை திறந்திருந்தால் காட்டும் வேகம் சடாரென்று விழும். இரண்டும் அடைத்தால் உள்ளே சிக்கிய அழுத்தம் மாறாது. அப்போது வேகமானி உயரமானி போல நடந்துகொள்ளும்: ஏறினால் வேகம் கூடுவதாகக் காட்டும், இறங்கினால் குறைவதாகக் காட்டும். 1996 பிப்ரவரி 6ல் பிர்கன்ஏர் 301 சிக்கியது இதில்தான். ஏற ஏற கேப்டன் பக்க வேகம் கூடிக்கொண்டே போய், அளவுக்கு மீறிய வேகம் என்ற எச்சரிக்கையும் வந்தது. அந்தப் பக்கத் தகவலை நம்பிய ஆட்டோபைலட் மூக்கை மேலும் தூக்கியது. உண்மையில் விமானம் வேகமிழந்து ஸ்டாலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. 189 பேர் இறந்தார்கள். கேப்டன் பக்க வேகமானி சரியில்லை என்பது ஓடுபாதையில் ஓடும்போதே தெரிந்திருந்தும் பயணத்தைத் தொடர்ந்தார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

‘வேகம் அதிகம்’, ‘ஸ்டால்’ இரண்டும் ஒரே நேரத்தில் கத்தினால் எதை நம்புவது?

பொதுவாக ஸ்டாலை. மிகைவேக எச்சரிக்கை காற்றழுத்தத்திலிருந்து கணக்கிடப்படுகிறது, ஆகவே பிட்டோ கெட்டால் அதுவும் கெடும். ஸ்டால் எச்சரிக்கை முக்கியமாகத் தாக்கு கோண உணரியைச் சார்ந்தது. காற்று எந்தக் கோணத்தில் இறக்கையைச் சந்திக்கிறது என்று அளக்கும் சிறு தகடு அது. இரண்டும் ஒன்றாகக் கெடுவது அரிது.

ஆனால் இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளவும் முடியாது. 2009 ஜூன் 1 அன்று ஏர் பிரான்ஸ் 447ல் பிட்டோவில் பனிப்படிகம் அடைத்து ஆட்டோபைலட் விலகியது. மூக்கு தூக்கப்பட்டது. ஸ்டால் எச்சரிக்கை தொடர்ச்சியாக 54 விநாடி ஒலித்தது. அது உண்மை. பிறகு அளக்கப்பட்ட வேகம் 60 நாட் (மணிக்குச் சுமார் 110 கி.மீ.) அளவுக்குக் கீழே போனதும் தாக்கு கோணத் தகவலே செல்லாது என்று கணினி ஒதுக்கியதால் எச்சரிக்கை நின்றது. மூக்கை இறக்கியபோது வேகம் மீண்டு எச்சரிக்கை திரும்பவும் ஒலித்தது. சரியானதைச் செய்தால் கத்துகிறது, தவறைச் செய்தால் அமைதியாகிறது! கோளாறு தொடங்கிச் சுமார் நாலரை நிமிடத்தில் கடலில் விழுந்தது, 228 உயிர்கள் போயின.

தாக்கு கோண உணரியே உறைந்துபோனதும் உண்டு. 2014 நவம்பர் 5, பில்பாவோவிலிருந்து மியூனிக் போன லுஃப்தான்ஸா ஏர்பஸ் 321ல் உணரிகள் ஒரே கோணத்தில் உறைந்தன. கணினிகள் ஸ்டால் வருகிறது என்று தவறாக எண்ணி மூக்கைக் கீழே அழுத்த, விமானம் நிமிடத்துக்குச் சுமார் 4,000 அடி வேகத்தில் இறங்கத் தொடங்கியது. விமானிகள் தண்டை இழுத்துப் பிடித்தபடியே நிறுவனத்தின் தொழில்நுட்பப் பிரிவிடம் கேட்டு, காற்றுத் தரவு கணினிகளில் ஒன்றை அணைத்தார்கள். தரவு குறைந்ததும் அந்தப் பாதுகாப்பு அமைப்பு தானே விலகிக்கொண்டது. விமானம் பத்திரமாக இறங்கியது.

தீ எச்சரிக்கை வந்தால் முதலில் உறுதி செய்துகொள்வார்களா?

மாட்டார்கள். என்ஜின் ஒவ்வொன்றிலும் வெப்பம் உணரும் வளையங்கள் இரண்டிரண்டாக ஓடுகின்றன, சாதாரணமாக இரண்டும் ஒப்புக்கொண்டால்தான் மணி அடிக்கும். அப்படி அடித்துவிட்டால் விவாதம் கிடையாது. த்ரஸ்ட் லிவரை முழுக்கக் குறைப்பது, எரிபொருளை நிறுத்துவது, தீ சுவிட்சை இயக்குவது, அணைப்பானைத் திறப்பது. ஒவ்வொன்றுக்கும் முன் இரு விமானிகளும் ‘இந்தப் பக்க என்ஜின்தானே’ என்று ஒருவருக்கொருவர் உறுதிப்படுத்துவார்கள், ஏனென்றால் நல்ல என்ஜினை அணைப்பது பொய் எச்சரிக்கையைவிட மோசம். ஏர்பஸ்ஸில் தீ பொத்தானை அழுத்தி 10 விநாடி காத்திருந்து அணைப்பு மருந்தின் முதல் பாட்டில். சுழற்சி குறைந்தால் உள்ளே காற்றோட்டம் குறையும், மருந்து தங்கும் என்பதற்காக இந்தக் காத்திருப்பு. 30 விநாடிக்குப் பிறகும் விளக்கு அணையாவிட்டால் இரண்டாவது பாட்டில்.

சரக்கறைப் புகை எச்சரிக்கைகள்தான் பொய்க்குப் பேர்போனவை. ஈரப்பதம், உயிருள்ள விலங்குகள், தூசி, பூச்சிமருந்துத் தெளிப்பு எல்லாம் காரணம். ஆனால் அந்த அறைக்குள் போய்ப் பார்க்க வழியில்லை. ஆகவே உண்மை என்றே எடுத்துக்கொண்டு அணைப்பானைத் திறந்து, கிட்டே இருக்கும் விமான நிலையத்துக்குத் திரும்புவார்கள். மருந்து அடித்த பின்னும் விளக்கு எரிந்தால், அது தீ அணையவில்லை என்பதற்கு ஆதாரமல்ல. அறையில் சிக்கிய புகையையும் மருந்தையுமே உணரி காட்டிக்கொண்டிருக்கும். தரையிறங்கிய பிறகு பயணிகள் இறங்கித் தீயணைப்பு வீரர்கள் தயாராகும்வரை அந்தச் சரக்கறைக் கதவைத் திறக்கக்கூடாது. திறந்தால் காற்று புகுந்து தீ மூளும்.

உறுதிசெய்யப் போய் நேரம் இழந்ததற்கு சவுதியா 163 சாட்சி. 1980 ஆகஸ்ட் 19, ரியாத். பின்புறச் சரக்கறைப் புகை எச்சரிக்கை உண்மையா என்று பார்க்கவே 4 நிமிடத்துக்கு மேல் போனது. விமானம் திரும்பி வந்து இறங்கியும் வெளியேற்றம் நடக்கவில்லை. இருந்த 301 பேரும் இறந்தார்கள்.

தரை நெருக்க எச்சரிக்கை பொய்யாக வருமா?

இப்போது அடிக்கடி வருகிறது. 2023ன் பிற்பகுதியிலிருந்து போர்ப்பகுதிகளை ஒட்டிப் பறக்கும் விமானங்கள் போலி ஜிபிஎஸ் சிக்னலில் சிக்குகின்றன. விமானம் வேறெங்கோ இருப்பதாகக் கணினி நம்பிவிடுகிறது. 35,000 அடியில் மலை எதிரே இருப்பதாக ‘மேலே இழு’ என்ற குரல் கேட்கும். அந்தப் பகுதியை விட்டு வந்த பிறகும் இந்தப் பாதிப்பு நீடிக்கலாம் என்பதைக் கவனிக்க வேண்டும். இறங்கும் நேரத்தில் திடீரென்று கத்தும்.

இதற்காக முழு அமைப்பையும் அணைப்பதில்லை. நில வரைபடத்தை வைத்து முன்னோக்கிப் பார்க்கும் பகுதியை மட்டும், நிறுவனத்தின் விதி அனுமதித்தால், தனி சுவிட்சில் அணைக்கலாம். ரேடியோ உயரமானியை நம்பும் அடிப்படை எச்சரிக்கைகள் அப்படியே இருக்கும். மற்றபடி இரவிலும் மேகத்திலும் குரல் கேட்டவுடன் ஆட்டோபைலட்டை விடுவித்து, முழு த்ரஸ்ட் கொடுத்து, மூக்கைத் தூக்க வேண்டும். பட்டப்பகலில், தரையும் தடையும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்து, ஆபத்தில்லை என்று உறுதியானால் மட்டுமே விதிவிலக்கு.

2012 மே 9ல் இந்தோனேசியாவின் சாலக் மலையில் சுகோய் சூப்பர்ஜெட் மோதியது. மோதுவதற்கு 38 விநாடி முன்பே எச்சரிக்கை வந்தது. வரைபடத் தரவில் கோளாறு என்று எண்ணி அமைப்பை அணைத்துவிட்டார்கள். 45 பேர் இறந்தார்கள். புலி வருது, புலி வருது என்று பழகிப்போன காதுக்கு உண்மைப் புலியும் அப்படித்தான் கேட்கும்.

எதிரே விமானம் வருகிறது என்று டிகாஸ் (மோதல் தவிர்ப்புக் கருவி) சொன்னால்?

‘ஏறு’ என்றால் ஏறு, ‘இறங்கு’ என்றால் இறங்கு. 5 விநாடிக்குள். கட்டுப்பாட்டாளர் மாற்றிச் சொன்னாலும் டிகாஸ் சொல்வதே செல்லும். அப்படி ஒரு விமானமே இல்லை, பேய் விமானம் என்று பிறகு தெரிந்தால் நஷ்டம் சில நூறு அடிதான்.

ஓடுபாதையில் ஓடும்போது எச்சரிக்கை வந்தால் நிறுத்துவார்களா?

வேகத்தைப் பொறுத்தது. போயிங்கில் 80 நாட், ஏர்பஸ்ஸில் 100 நாட் வரை பல காரணங்களுக்காக நிறுத்தலாம். அதற்கு மேல் வி-ஒன் வேகம்வரை (அதைத் தாண்டினால் நிறுத்த முடியாது) தீ, என்ஜின் செயலிழப்பு, விமானம் பறக்காது என்ற நிலை போன்ற சிலவற்றுக்கு மட்டும். வி-ஒன்னைத் தாண்டிவிட்டால் பறந்தே ஆக வேண்டும். கவனம் சிதறக்கூடாதென்று பெரும்பாலான மஞ்சள் எச்சரிக்கைகளை இந்தக் கட்டத்தில் கணினியே அடக்கி வைக்கும். ஏர்பஸ் 320ல் 80 நாட்டிலிருந்து 1,500 அடிவரை.

1992 ஜூலை 30, நியூயார்க்கில் டிடபிள்யூஏ 843 தரையை விட்டெழுந்த நொடியில் ஸ்டிக் ஷேக்கர் அதிர்ந்தது. தாக்கு கோண உணரிக் கோளாறு, பொய் எச்சரிக்கை. விமானம் நன்றாகவே பறந்துகொண்டிருந்தது. ஆனாலும் துணை விமானி கட்டுப்பாட்டை ஒப்படைக்க, கேப்டன் திரும்ப ஓடுபாதையில் இறக்கினார். விமானம் உடைந்து எரிந்தது. 292 பேரும் உயிர்தப்பினார்கள்.

தொல்லை தாங்காமல் சர்க்யூட் பிரேக்கரை (மின்சாரத்தைத் துண்டிக்கும் பொத்தானை) இழுத்துவிட்டால் என்ன?

கையேட்டில் சொல்லியிருந்தாலொழியத் தொடக்கூடாது. தானாக விழுந்த பிரேக்கரைக்கூட, அது இல்லாமல் பாதுகாப்பு கெடும் என்று கேப்டன் கருதினால் மட்டும், சுமார் 2 நிமிடம் ஆறவிட்டு, ஒரே ஒரு முறை உள்ளே தள்ளலாம் என்பது போயிங் வழிகாட்டல். எரிபொருள் பம்ப்புக்கு அதுவும் கிடையாது. ஏர்பஸ்ஸில் பொய் என்று தெரிந்த மஞ்சள் எச்சரிக்கையை அடக்கத் தனிப் பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் அந்தப் பயணம் முழுக்க அது வாய் திறக்காது.

தரையில் செய்யும் வைத்தியத்தை வானில் செய்தது ஏர்ஏஷியா 8501. 2014 டிசம்பர் 28, சுரபயாவிலிருந்து சிங்கப்பூர். வால்சுக்கானின் அசைவைக் கட்டுப்படுத்தும் கருவியில் ஒரு சால்டர் இணைப்பு விரிசல் விட்டிருந்தது. ஒரே மஞ்சள் எச்சரிக்கை நான்கு முறை வந்தது. முதல் மூன்றுக்கு முறைப்படி நடந்தார்கள். நான்காவதன்போது பறக்கும் கட்டுப்பாட்டுக் கணினிகளின் பிரேக்கர்களை இழுக்க, ஆட்டோபைலட்டும் பாதுகாப்புகளும் விலகின. விமானம் சாய்ந்தது, சரிசெய்யும் முயற்சியில் மூக்கு எகிறியது, ஸ்டால் ஆனது. 162 பேர். அந்த விரிசலால் மட்டும் விமானம் விழுந்திருக்காது.

ஸ்டிக் ஷேக்கரை நிறுத்துவதில் அதிகார அமைப்புகளுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. விபத்துகளுக்குப் பிறகு தடை செய்யப்பட்டிருந்த 737 மேக்ஸ் மீண்டும் பறக்க அனுமதித்தபோது, பொய் அதிர்வைப் பிரேக்கர் இழுத்து நிறுத்தும் முறையைக் கனடா சேர்த்தது. அமெரிக்கா சேர்க்கவில்லை. அரைமணி நேரம் தண்டு கையில் தடதடத்துக்கொண்டிருந்தால் பக்கத்தில் இருப்பவர் சொல்வதுகூடக் காதில் ஏறாது. அந்த வகையில் கனடா பக்கமே நியாயம் அதிகம்.

பொய் என்று உறுதியாகத் தெரிந்துவிட்டது. பிறகு மறந்துவிடலாமா?

அங்கேதான் நிஜமான வேலை தொடங்குகிறது. எச்சரிக்கை பொய் என்றால், அதற்குத் தகவல் கொடுத்த ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது என்பது உண்மை. அந்தத் தகவலை வேறு எந்தெந்த அமைப்புகள் பயன்படுத்துகின்றன?

துருக்கி ஏர்லைன்ஸ் 1951 இந்தக் கேள்வி கேட்கப்படாததால் விழுந்தது. 2009 பிப்ரவரி 25, ஆம்ஸ்டர்டாம். இடது ரேடியோ உயரமானி, விமானம் இன்னும் உயரத்தில் இருக்கும்போதே மைனஸ் 8 அடி என்று காட்டியது. சக்கரம் இறக்கவில்லை என்ற ஹார்ன் தேவையில்லாமல் ஒலித்தது. ரேடியோ உயரமானிதான் காரணம் என்று விமானிகளுக்குப் புரிந்தது, பொருட்படுத்தாமல் விட்டார்கள். ஆட்டோபைலட் வலது உயரமானியைப் பயன்படுத்தியதால் ஒழுங்காக ஓடியது. ஆட்டோத்ராட்டிலோ இடதைத்தான் பார்க்கும். தரை வந்துவிட்டது என்று நினைத்து அது த்ரஸ்ட்டை முழுக்கக் குறைத்துவிட்டது. வேகம் கரைந்து விமானம் ஓடுபாதைக்கு முன்பே விழுந்தது. 9 பேர் இறந்தார்கள். அன்று ஆட்டோத்ராட்டிலை விடுவித்துக் கையால் த்ரஸ்ட் வைத்திருந்தால் சாதாரணத் தரையிறக்கம்.

பொய்யே வராதபடி வடிவமைக்க முடியாதா?

உணரியை மந்தமாக்கினால் பொய் குறையும், உண்மையும் தாமதமாகும். மூன்று உணரிகளை வைத்து வாக்கெடுப்பு நடத்தினால் ஒன்று கெட்டாலும் தப்பிக்கலாம், ஆனால் அந்தக் கணக்கிலும் ஓட்டை விழும். 2008 அக்டோபர் 7ல் குவான்டாஸ் 72ல் ஒரு தரவுக் கருவி மட்டும் தாக்கு கோணம் 50 பாகைக்கு மேல் என்று இடையிடையே துள்ளல்களை அனுப்பியது. ஒற்றைத் துள்ளலைக் கணினி வடிகட்டிவிடும். 1.2 விநாடி இடைவெளியில் இரண்டு வந்தபோது ஏமாந்துபோய் மூக்கைக் கீழே தள்ளியது. 100 பேருக்கு மேல் காயம்.

ஒலியைத் தேர்ந்தெடுப்பதிலும் பிழை நடக்கும். 737ல் கேபின் அழுத்தம் குறைந்தால் அடிக்கும் ஹார்னும், புறப்பாட்டு அமைப்பு சரியில்லை என்று தரையில் அடிக்கும் ஹார்னும் ஒன்றே. 2005 ஆகஸ்ட் 14ல் ஹீலியோஸ் 522 ஏறும்போது அது ஒலிக்க, விமானிகள் தரையில் அடிக்க வேண்டியது வானில் பொய்யாக அடிக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். ஆக்சிஜன் குறைந்து மயங்கினார்கள். 121 பேர் இறந்தார்கள். பின்னர் இரண்டையும் பிரித்துக் காட்டத் தனி விளக்குகள் வந்தன.

பயணிகளிடம் சொல்வார்களா?

கேபின் குழுவுக்கு நான்கு தகவல் போகும்: என்ன கோளாறு, என்ன செய்யப்போகிறோம், எவ்வளவு நேரம், விசேஷமாக ஏதாவது உண்டா. பயணிகளுக்கு அதன் சுருக்கம்.

தரையிறங்கிய பிறகு?

தொழில்நுட்பப் பதிவேட்டில் எழுத வேண்டும். ‘எச்சரிக்கை வந்தது, பொய்’ என்று எழுதினால் பொறியாளருக்கு எந்தப் பயனும் இல்லை. எந்த உயரம், என்ன வேகம், ஃப்ளாப் எந்த நிலை, எந்தப் பக்கத் திரை, எத்தனை விநாடி, மழையா பனியா, கூடவே வேறு என்ன வந்தது, விமானிகள் எந்த சுவிட்சைத் தொட்டார்கள் என்பதெல்லாம் வேண்டும். பெரிய சம்பவமானால் காக்பிட் ஒலிப்பதிவின் பிரேக்கரை இழுத்து, பதிவு அழியாமல் காக்க வேண்டும்.

2018 அக்டோபர் 28 இரவு டென்பசாரிலிருந்து ஜகார்த்தா வந்த லயன் ஏர் 737 மேக்ஸில், தாக்கு கோண உணரி 21 பாகை தவறாகக் காட்டியதால் வழி நெடுக ஸ்டிக் ஷேக்கர் அதிர்ந்தது. மூக்கின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் வால் டிரிம் தானாக ஓடியதை கட்-அவுட் சுவிட்சில் நிறுத்தித்தான் வந்து சேர்ந்தார்கள். பதிவேட்டில் வேகமும் உயரமும் ஒத்துப்போகவில்லை என்பதும் இன்னொரு விளக்கு எரிந்ததும் எழுதப்பட்டன. ஸ்டிக் ஷேக்கர் அதிர்ந்ததும் கட்-அவுட் சுவிட்சைப் பயன்படுத்தியதும் எழுதப்படவில்லை. மறுநாள் காலை அதே விமானம் 610 என்ற எண்ணில் 189 பேருடன் கிளம்பியது.